பேருக்குக் கட்டமில்லாத படிவம்

வளப்பூர் நாடு,
வெகுதானிய வருஷம், ஆனி 14 (1938).

சேந்தமங்கலத்தில் இருக்கும் மாப்பிள்ளை குழந்தைசாமிக்கு, மாமன் அப்பாசாமி எழுதுவது.

மலைமேல எல்லாரும் சொகம்னு எழுதத் தொடங்கினேன். பாயில படுத்திருந்த உங்க அக்கா பெருமாயி, பொய்யை எழுதாதீங்கன்னு சத்தம் போட்டா. அதனால முதல் வரியை அடிச்சுப்போட்டு மறுபடி எழுதறேன். இங்க சொகமில்லீங்க.

உங்க பொண்ணு பாவாயி நல்லா இருக்குது. இதை முன்னாடியே சொல்லாட்டி மீதியைப் படிக்காம அங்கயே உக்காந்துக்குவீங்க. கல்யாணத்துக்கு மறுநாள் புள்ளைக்கு நாலு நாள் காய்ச்சல். கீழ்நாட்டுல வளந்த உடம்பு, மலைத்தண்ணி ஒத்துக்கலைன்னு பெருமாயி மிளகுத்தண்ணி வெச்சுக் குடுத்தா. எந்திரிச்சிருச்சு. இப்ப அதுதான் எல்லாத்துக்கும் கஞ்சி காச்சி ஊத்துது. அது புருசன், என் மகன் வேலப்பன் படுத்துட்டான், அப்புறம் பெருமாயி, அடுத்த ஊட்டுல என் தம்பி குப்புசாமி, அவன் பொண்டாட்டி. இன்னைக்குப் பதினோரு ஊட்டுல ஆள் படுத்திருக்குது. நான் ஒருத்தன்தான் கல்லுக்குண்டாட்டம் நடந்துக்கிட்டிருக்கேன். அது என்ன கணக்கோ.

இது நம்ம மலைக்காய்ச்சல் இல்லீங்க மாப்பிள்ளை. அதை எனக்குத் தெரியும். குளிரும், நடுக்கும், வேர்க்கும், ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், மருவாதி தெரிஞ்ச காய்ச்சல். இது வேற. கண்ணு முழிக்குப் பின்னால வலிங்கறாங்க. மணிக்கட்டு, முழங்கால், குதிகால் எல்லாம் உலக்கையில இடிச்ச மாதிரி. நாலாம் நாள் மேலெல்லாம் செவப்பாத் தடிக்குது. உங்க ஆபீசுல மலைக்காய்ச்சலுக்குக் குடுக்கற கொயினா மாத்திரையை முழுங்கினா காது இரையறதுதான் மிச்சம். சாமைக்காட்டுல களை நின்னு சிரிக்குது.

இப்ப என் கொழப்பம். ஊரு மணியக்காரன்ங்கறதால வாராவாரம் நீங்க கணக்கு எழுதற காய்ச்சல் ஆபீசுக்கு நான் படிவம் அனுப்போணும். காலரா, பெரியம்மை, பிளேக், மலைக்காய்ச்சல், வயித்துப்போக்குன்னு கட்டம் போட்டிருக்குது. இதை எந்தக் கட்டத்துல எழுதறது? அம்மைன்னு எழுதினா அம்மை குத்தறவன் ஓடியாருவான், சனம் காட்டுக்குள்ள ஓடும். மலைக்காய்ச்சல்னா பொய். அதனால இந்த வாரம் கட்டத்தைச் சும்மா உட்டுட்டேன்.

ஊத்துக்கிட்டப் பொம்பளைங்க பேசிக்கிறாங்களாம், கீழ்நாட்டுப் பொண்ணு வந்துது, பின்னாலயே காய்ச்சலும் வந்துதுன்னு. நான் காதுல போட்டுக்கலை. ஆனா இது எங்கயும் இருக்கற காய்ச்சல்தான்னு ஆபீசுல இருந்து ஒரு காயிதம் வந்தா வாயை அடைக்கலாம்.

உங்க மாமன்,
அப்பாசாமி


சேந்தமங்கலம்,
ஆனி 22.

அன்புள்ள மாமாவுக்கு, குழந்தைசாமி வணக்கம் சொல்லி எழுதுவது.

உங்க கடுதாசியை மூணு தரம் படிச்சேன். அக்காவுக்கு இப்ப எப்படி இருக்குது? பாவாயி ஒரு வரிகூட எழுதலை. எழுதப் படிக்கத் தெரிஞ்ச புள்ளைக்குத் தகப்பனுக்கு ஒரு வரி எழுத நேரமில்லையாக்கும். தாயில்லாத புள்ளையை வளத்தவனுக்கு இது கெடைக்க வேண்டியதுதான். கோவிச்சுக்கிட்டேன்னு சொல்லுங்க, ஆனா ரொம்ப அழுத்திச் சொல்லவேண்டாம்.

படிவ விஷயம். நீங்க கட்டத்தைச் சும்மா உட்டீங்க. இங்க ஹெட்கிளார்க் அதுல கோடு இழுத்து "இல்லை"ன்னு எழுதிட்டார். கூட்டிப் பாத்தா வளப்பூர் நாட்டுல ஒரு காய்ச்சலும் இல்லை, கொசு கடிச்ச தடம்கூட இல்லை. கூட்டினது நான்தான் மாமா. பதினோரு ஊடு படுத்திருக்குதுன்னு உங்க கடுதாசி சட்டைப் பையில இருக்க, கையால "இல்லை"ன்னு எழுதினேன். கடுதாசியை ஆபீசுல கணக்குல சேக்கமாட்டாங்க.

கடைசியில "இதரம்"னு ஒரு கட்டம் இருக்குது பாருங்க. அதுல எண்ணிக்கையை எழுதுங்க. எழுதினாத்தான் டாக்டர் மலையேறுவார். படிவத்துல வராத சீக்குக்கு எந்த ஆபீசும் காயிதம் குடுக்காது.

இங்க எங்களுக்கு ஒண்ணுமில்லை. தெருவுல எல்லாரும் சொகம். பாவாயிக்கு வறுகடலை உருண்டை அனுப்பியிருக்கேன்.

உங்க மாப்பிள்ளை,
குழந்தைசாமி


வளப்பூர் நாடு,
ஆடி 5.

மாப்பிள்ளைக்கு மாமன் எழுதுவது.

உங்க கடுதாசி பத்து நாள் எல்லைக்கல்லுகிட்டயே கெடந்தது. ஆனி பதினாறுல மாரியாயி நோம்பிக்குக் காப்புக் கட்டிட்டோம். நீங்க கீழ போயி இருவது வருஷமாச்சு, நம்ம வழக்கமே மறந்துபோச்சா? காப்பு அவுக்கற வரைக்கும் எல்லையைத் தாண்டி ஒரு கெட்ட சேதி போகக்கூடாது, வரக்கூடாது. சீக்குன்னு வாயால சொல்லக்கூடாது, அவ கோயில்ல உக்காந்திருக்கறப்ப அவ ஊட்டைப் பத்திப் புகார் எழுதறதா? அதனால ரெண்டு வாரம் படிவத்துல கையெழுத்தை மட்டும் போட்டுக் கட்டத்தைச் சும்மா அனுப்பினேன். சும்மா இருந்தா ஏதோ காரணம்னு தெரிய வேண்டாமா? ஒண்ணுமில்லைன்னா நான் "ஒண்ணுமில்லை"ன்னு எழுதமாட்டேனா? கட்டம் காலியா இருந்தா ஊரும் காலியா இருக்குதுன்னு நெனக்கிற ஆபீசு அது என்ன ஆபீசுங்க.

காப்பு அவுத்ததும் இந்த வாரம் "இதரம்" கட்டத்துல முப்பத்தெட்டுன்னு எழுதிட்டேன். என் நேரம், படிவம் போய்ச் சேரறதுக்கு முன்னாலயே உங்க ஆளுங்க ரெண்டுபேர் வந்து நின்னாங்க. வாடிக்கைச் சுத்துன்னாங்க. ஆளாளுக்கு விரல்ல குத்திக் கண்ணாடிச் சில்லுல ரத்தம் எடுத்தாங்க. குழந்தைங்க வயித்தை அமுக்கிப் பாத்தாங்க. மூட்டைத் தொட்டுப் பாருங்கடான்னேன், அது எங்க வேலை இல்லைன்னுட்டாங்க.

குப்புசாமி மவ பொன்னாயி, அஞ்சு வயசு, பாவாயி மடியை விட்டு எறங்கமாட்டா. பாவாயிதான் அதுக்குத் தலை பின்னும், உங்க கடலை உருண்டையில பாதி அந்தக் குட்டி வயித்துக்குள்ளதான் போச்சு. அதுக்கும் முந்தாநாள்ல இருந்து காய்ச்சல். குப்புசாமி பொண்டாட்டி, பாவாயி இந்தப் பக்கம் வரவேண்டாம்னு சொல்லிட்டா. புள்ள அடுப்படியில உக்காந்து அழுவுது.

உங்க மாமன்,
அப்பாசாமி


சேந்தமங்கலம்,
ஆடி 11.

அன்புள்ள மாமாவுக்கு,

கண்ணாடிச் சில்லு அத்தனையும் பாத்தாச்சு. மலைக்காய்ச்சலுக்கு ரத்தத்துல ஒரு பூச்சி இருக்குமாம். உங்க ஊரு ரத்தத்துல அது ஒண்ணுகூட இல்லையாம். அதனால "காய்ச்சல் இல்லை"ன்னு எழுதி மேல அனுப்பிட்டாங்க. முப்பத்தெட்டுன்னு நீங்க எழுதினதுக்குப் பக்கத்துல ஹெட்கிளார்க் ஒரு கேள்விக்குறி போட்டு வெச்சிருக்கார்.

புதுசா வந்த சின்ன டாக்டர் மட்டும் அந்தக் கேள்விக்குறியை ரொம்ப நேரம் பாத்தார். மூட்டு வலி, கண்ணு வலி, தடிப்பு எல்லாம் நான் சொன்னேன். டெங்குக் காய்ச்சலா இருக்கலாம்னார். கப்பல் வர்ற ஊருல, பட்டணத்துல வருமாம். காலுல வெள்ளை வளையம் போட்ட கொசு, பகல்ல கடிக்குமாம். ஊட்டுக்குள்ள பானைத் தண்ணியிலதான் குஞ்சு பொரிக்குமாம். பாவாயிகிட்டச் சொல்லி வாரம் ஒருதரம் பானையைக் கவுத்துக் காயவெக்கச் சொல்லுங்க. அரை மைல் சுமந்த தண்ணியைக் கொட்டறதான்னு அக்கா திட்டும். திட்டட்டும்.

மாமா, ஒரு விஷயம். இனிமே டாக்டர் கேக்கறது வேற. முதல்ல யாருக்கு வந்துது, அவங்க எங்கிருந்து வந்தாங்க, பேரோட பட்டியல் வேணும்கிறார். அதை அனுப்பாதீங்க. எண்ணிக்கையும் இனி வேண்டாம். கட்டத்தைச் சும்மா உட்டுடுங்க. நோம்பின்னு சொல்லிக்கலாம், மழைன்னு சொல்லிக்கலாம். பொன்னாயிக்குச் சீக்கிரம் சொகமாகும்.

உங்க மாப்பிள்ளை,
குழந்தைசாமி


வளப்பூர் நாடு,
ஆடி 17.

மாப்பிள்ளைக்கு,

நேத்து விடியறப்பப் பொன்னாயி போயிருச்சு.

காய்ச்சல் விட்டுருச்சுன்னு சந்தோசமா இருந்தோம். அன்னைக்குச் சாயங்காலம் மூக்குல ரத்தம் வந்துது. கையெல்லாம் சில்லுன்னு ஆச்சு. காய்ச்சல் விட்டப்புறம் ஒரு குழந்தை சாகுமா? ரத்தத்துல பூச்சியே இல்லைன்னு சொன்னீங்களே, பூச்சியில்லாத ரத்தம் எதுக்கு வெளிய வந்துது? எனக்கு ஒண்ணும் வெளங்கலை. குப்புசாமி குழியை அவனே வெட்டினான், மம்முட்டியைப் புடிக்கக்கூட அவன் கை மடங்கலை. நான் புடிக்கறேன்னேன். குடுக்கமாட்டேன்னுட்டான்.

ஆடி இருவத்தஞ்சுல நாட்டுக் கூட்டம். நாட்டுக்கே தலைவரான பட்டக்காரர் வரார். காய்ச்சலைக் கொண்டாந்தது யாருன்னு கேப்பாங்க. பாவாயின்னு ஆச்சுன்னா தாலியைத் திருப்பி வாங்கிக் கீழ எறக்கி உட்டுருவாங்க. வேலப்பன் ஊட்டுக்கு வராம ஒரு வாரமாக் காட்டுலயே கெடக்கறான். புள்ள பானை பானையாக் கவுத்துக்கிட்டு இருக்குது. அதையும் பாத்துட்டு, செஞ்ச பாவத்தைக் கொட்டறாங்கறாங்க.

இப்ப உங்களைக் கேக்கறேன். எழுதுங்க, எழுதினாத்தான் டாக்டர் வருவார்ன்னீங்க. எழுதினேன். இப்ப எழுதாதீங்கறீங்க. முதல் ஆளு பேரு வேணும்னு டாக்டர் கேட்டதும் நீங்க ஏன் பின்வாங்கறீங்க? முழுப் பூசணிக்காயை எந்தச் சோத்துல மறைக்கப் பாக்கறீங்க? உள்ளதைச் சொல்லுங்க.

அப்பாசாமி


சேந்தமங்கலம்,
ஆடி 21.

மாமா,

அந்தக் குட்டி மூஞ்சி கண்ணுலயே நிக்குது. கல்யாணத்தன்னைக்கு என் தோள்ல உக்காந்துதான் தாலி கட்டறதைப் பாத்துது.

உள்ளதைச் சொல்றேன். வைகாசி ஏழுல இருந்து பன்னண்டு வரைக்கும் எனக்கு இதே காய்ச்சல். இதே மூட்டு வலி, இதே தடிப்பு. எங்க தெருவுல ஏழு ஊட்டுல இருந்துது. யாரும் ஆபீசுக்குச் சொல்லலை. நான் ஆபீசுலயே உக்காந்திருக்கறவன், நானும் சொல்லலை. வேலியே பயிரை மேஞ்ச கதைதான். சொன்னா ஊட்டுக்கு ஆளுங்க வருவாங்க, கல்யாணம் தள்ளிப்போகும். ரெண்டு வருஷமாத் தள்ளித் தள்ளி வந்த கல்யாணம். வைகாசி ஒம்பதுல நீங்க கூறைப்புடவை எடுக்க வந்தீங்க, ஞாபகம் இருக்குதா? தலைவலின்னு சொல்லிச் சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தேன். நீங்க எம்பக்கத்துல உக்காந்து ரெண்டுதரம் சோறு வாங்கிச் சாப்பிட்டீங்க. பாவாயிதான் பரிமாறுச்சு.

அதுதான் எனக்குக் கஞ்சி ஊத்துனது, காலு புடிச்சு உட்டது. தாலி கட்டறப்ப அது நெத்தியைத் தொட்டேன். சுட்டுது. ஓமப்புகைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நல்லாத் தெரிஞ்சே சொல்லிக்கிட்டேன் மாமா. "தெருவுல எல்லாரும் சொகம்"னு உங்களுக்கு எழுதினதும் பொய்.

நீங்க கேட்ட காயிதத்தை, இது கீழ்நாட்டுல இருக்கற காய்ச்சல்தான்னு, டாக்டர்கிட்டக் கேட்டா இன்னைக்கே குடுப்பார். அந்தக் காயிதமே என் பொண்ணைக் கீழ எறக்கிடும். அதுக்குப் பயந்துதான் எழுதாதீங்கன்னேன்.

தப்பு என்னுது. புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. இந்தக் கடுதாசியைக் கூட்டத்துல சத்தமாப் படிங்க. வேணும்னா நானே வந்து குப்புசாமி காலுல விழறேன்.

குழந்தைசாமி


வளப்பூர் நாடு,
ஆடி 27.

மாப்பிள்ளைக்கு,

உங்க கடுதாசியைக் கூட்டத்துல படிக்கலை. அடுப்புல போட்டுட்டேன். படிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சீங்க? தகப்பன் குத்தம், மவ குத்தம்னு யாரு பிரிச்சுப் பாப்பாங்க? அதோட, புள்ளைக்குத் தெரியாதுங்கறீங்க. அதுக்கு எல்லாம் தெரியும். எங்கப்பாவுக்கு வந்ததுதான் மாமா எனக்கு வந்துதுன்னு கூட்டத்துக்கு முந்தின நாளே எங்கிட்டச் சொல்லிருச்சு. சொல்லிட்டுத் துணிமூட்டையும் கட்டி வெச்சிருச்சு. உங்களுக்கு ஒரு வரி எழுதாததும் அதனாலதான். எழுதினா உள்ளதை எழுதோணும்னு பயம். இப்படியொரு புள்ளையை வளத்து வெச்சிருக்கீங்க.

கோயில் முன்னால எல்லாரும் உக்காந்தோம். பாவாயி மூட்டையோட பலாமரத்தடியில நின்னுது. பட்டக்காரர் முதல் கேள்வியே எங்கிட்டத்தான் கேட்டார், ஊரே படுத்துது, நீ மட்டும் எப்படி அப்பாசாமி படுக்கலைன்னு. அது வரைக்கும் நான் என்ன பேசறதுன்னு முடிவு பண்ணலைங்க. அவரு கேட்டதும் வாயில வந்துருச்சு. எனக்கு முன்னாடியே வந்து போயிருச்சு, அதான் படுக்கலைன்னேன். கல்யாணத்துக்கு முன்னால, கூறைப்புடவை எடுக்கக் கீழ போனப்பத் தொத்திக்கிட்டு வந்தேன், பலாக்காட்டுக் குடிசையில நாலு நாள் படுத்திருந்தேன், யாருக்கும் சொல்லலைன்னேன். அந்த நாலு நாள் நான் பலாக் காவலுக்கு அங்க இருந்தது எல்லாருக்கும் தெரியும். அதனால நம்பிட்டாங்க.

குப்புசாமி எந்திரிச்சான். என் மூஞ்சியைப் பாக்காம நடந்து போயிட்டான். ஒருதாய் வயித்துப் புள்ளைங்க நாங்க.

எனக்குத் தீர்ப்பு சொன்னாங்க. மணியம் சர்க்கார் வேலை, அதுல கூட்டத்தால கை வெக்க முடியலை. இனி நோம்பிக்கு என் கையால காப்புக் கட்டக்கூடாது. மூணு வருஷத்து மூணு நோம்பியும் முடியற வரைக்கும் எங்க ஊட்டுக்கும் கீழ்நாட்டுக்கும் போக்குவரத்து இல்லை. ஆள் வரக்கூடாது, பண்டம் வரக்கூடாது, கடுதாசி வரக்கூடாது. படிவம் மட்டும் போகலாம்னு பட்டக்காரர் சொல்லிட்டார். பாவாயி இருக்கலாம்.

டாக்டர் கேட்ட பட்டியலை இதோட வெச்சிருக்கேன். அறுபத்தி நாலு பேரு, சாவு ஒண்ணு. முதல் பேரு அப்பாசாமி, வயசு அம்பத்தொண்ணு, வைகாசி பதினஞ்சு. இருக்கறபடியே நகல் எடுத்து அனுப்புங்க. ஒரு எழுத்தை மாத்தாதீங்க. நீங்க வரவும் வேண்டாம். வந்தா நான் சொன்னது அத்தனையும் கலைஞ்சுபோகும். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கும்பாங்க. இது மூணு நோம்பிக்கு நிக்கோணும்.

நம்ம ஊருச் செல்லமுத்து கீழ சந்தைக்கு வரான், அவன்கிட்டக் குடுத்தனுப்பறேன். இதுதான் கடைசி.

உங்க அக்கா எங்கூடப் பேசறதில்லை. நான் பொய் சொன்னேனா, மெய் சொன்னேனான்னு அவளுக்கே தெரியலைன்னு பாவாயிகிட்டச் சொன்னாளாம்.

அப்பாசாமி


சேந்தமங்கலம்,
ஐப்பசி 12.

அன்புள்ள மாமாவுக்கு,

இதைச் செல்லமுத்து கையில தொடமாட்டேன்னுட்டான். மூணு சந்தைக்கு நடந்து பாத்துட்டேன். அதனால வர்ற மாசத்து வெத்துப் படிவக் கட்டுக்கு நடுவுல வெச்சு அனுப்பறேன். படிச்சதும் அடுப்புல போட்டுடுங்க.

பட்டியலை நகல் எடுத்தேன். ஒரு எழுத்தை மாத்தலை. சின்ன டாக்டர் அதைப் பாத்துட்டு, தன் பேரை முதல்ல எழுதின மணியக்காரரை இப்பத்தான் பாக்கறேன், எல்லாரும் இவரை மாதிரி எழுதினா எவ்வளவு நல்லா இருக்கும்னார். நான் தலையை ஆட்டினேன். மேலிடத்துல அந்த அறுபத்தி நாலையும் "சந்தேகம்"னு தனியா ஒதுக்கிட்டாங்களாம். கூட்டுத்தொகையில சேரலை.

எங்க தெரு ஏழு ஊட்டையும் டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன். ஏன் அப்பவே சொல்லலைன்னு கேட்டார். கல்யாணம்னு சொன்னேன்.

ஒண்ணு மட்டும் என் மண்டையைக் கொடையுது மாமா. அன்னைக்கு நீங்க எம்பக்கத்துல உக்காந்திருந்தீங்க. பகல் நேரம். அந்தக் கொசு பகல்லதான் கடிக்குமாம். உங்களுக்கு மட்டும் ஏன் அப்புறம் வரலை? பலாக்குடிசையில உங்களுக்கு மேலு வலிச்சுதா, இல்லையா? பொய்னு நெனச்சு நீங்க சொன்னது மெய்யா இருந்துட்டா, நான் யாருகிட்டப் போய் என்ன சொல்றது? ராவும் பகலும் இதையே போட்டு உருட்டிக்கிட்டு இருக்கேன். ஒரு பக்கமும் நிக்கமாட்டேங்குது.

வாராவாரம் உங்க படிவம் வருது. தபால் கட்டை நான்தான் முதல்ல பிரிக்கறேன். பாவாயி எப்படி இருக்குதுன்னு எனக்கு வேற எதுல தெரியும்? காலரா இல்லை, அம்மை இல்லை, மலைக்காய்ச்சல் இல்லை, இதரம் இல்லை. ஒம்பது வாரமா எல்லாக் கட்டத்துலயும் இல்லை. அந்த இல்லையைப் பாத்தா அன்னைக்குச் சோறு எறங்கும். உடனே, காப்புக் கட்டியிருக்காங்களோ, மறைச்சு எழுதறாரோன்னு ஒரு சந்தேகம் வந்து உக்காந்துக்கும். நாம ரெண்டு பேரும் எழுதின இல்லையெல்லாம் எனக்கு ஞாபகம் வந்துரும்.

இந்த வாரத்துப் படிவம் நேத்து வந்துது. உங்க கையெழுத்துதான். இதரம் கட்டத்துல "1"ன்னு போட்டிருக்கீங்க.

நான் அதைக் கூட்டல்ல சேத்து எழுதிட்டேன். இந்தத் தடவை ஒழுங்கா எழுதினேன். ஆனா படிவத்துல பேருக்குக் கட்டம் இல்லீங்களே மாமா. அந்த ஒண்ணு யாருங்க?

உங்க மாப்பிள்ளை,
குழந்தைசாமி